கரண்டிவாயனும் கனவான்களும்

எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம் அது. நாகர்கோவிலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் சயன்ஸ் டீச்சராக இருந்தேன். ஊரில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து பறவை பார்க்கும் சங்கம் ஒன்று ஆரம்பித்தார்கள். படம் வரையத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டதால் தலைமையாசிரியை என்னை அனுப்பி வைத்தார். போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, படம் வரைவதோடு காப்பி ஊற்றிக் கொடுப்பதும் என் வேலை என்று.

சங்கத்துக்குத் தலைவர் ஒரு வக்கீல். சீமைக்கே திரும்பிக் கப்பலேறிய எஸ்டேட் துரை ஒருவரிடம் வாங்கிய பைனாகுலர் அவரிடம் இருந்தது. தலைமைப் பதவிக்கு அதைவிட வேறு தகுதி வேண்டுமா? அவருக்கு அடுத்தவர் ஓய்வுபெற்ற டாக்டர். அவரிடம் பைனாகுலர் இல்லை, ஆனால் பறவைகளைப் பற்றி ஆங்கிலப் புத்தகம் இருந்தது. கண் ஒருவரிடம், அறிவு இன்னொருவரிடம் என்று இருந்ததால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பவே இல்லை. மற்றவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து தலையாட்டுவார்கள்.

மாசி, பங்குனியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். தேரூர்க் குளத்தில் தண்ணீர் இறங்கி, சேறு தெரியும் இடமெல்லாம் பறவைகள் நிற்கும். சனிக்கிழமை காலையில் அங்கே போவோம். போய் இறங்கியதும் இவர்கள் முதலில் தேடுவது நிழல். அடுத்தது நேந்திரங்காய் உப்பேரியும் பழமும். பறவை மூன்றாவது.

அப்படி ஒரு காலையில், குளத்தின் நடுத் திட்டில் ஒரு வெள்ளைப் பறவை தனியாக நின்றுகொண்டிருந்தது. ஒற்றைக் காலில் நின்று, அலகை இறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது.

"கொக்கு," என்றார் வக்கீல், பைனாகுலரை எடுக்காமலே.

"கழுத்து இவ்வளவு தடிமனா கொக்குக்கு இருக்காது சார். தலையத் தூக்கட்டும், பாப்போம்," என்றேன்.

"தூங்குத கொக்க எழுப்பவா வந்தோம் டீச்சர்? காப்பி ஆறுது பாருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பைனாகுலரை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பினேன். வெயில் ஏறிய பிறகு அது தலையைத் தூக்கியது. கறுத்த நீளமான அலகு, நுனியில் அகப்பை போலத் தட்டையாக விரிந்திருந்தது. அலகைத் தண்ணீருக்குள் விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரிவாள் வீசுவதுபோல் வீசிக்கொண்டே நடந்தது. அதன் பெயர் கரண்டிவாயன் என்று தமிழில் பின்னால்தான் படித்தேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஓடிப்போய்ச் சொன்னேன். வக்கீல் வந்து பார்க்கும்போது அது மறுபடியும் தூங்கிவிட்டது.

"கொக்குதான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். டாக்டர் உடனே என் பக்கம் சேர்ந்தார். அது என்மேல் உள்ள மரியாதையால் அல்ல. வக்கீல் கொக்கு என்று சொன்னதால் அது கொக்காக இருக்கக் கூடாது.

"வேய், டீச்சர் சொல்லுத மாதிரி ஒரு பறவ எனக்க புஸ்தகத்துல இருக்கு."

"புஸ்தகத்துல இருக்கும். கொளத்துல இருக்கணும்லா?"

அடுத்த சனிக்கிழமையும் அது அதே திட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் துப்பாக்கியோடு வந்தார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "இது எதுக்கு சார்?"

"கையில எடுத்துப் பாத்தா தீந்துது. வெள்ளக்காரன் அப்படித்தான் புஸ்தகமே எழுதினான்."

"வேண்டாம் சார். கொஞ்சம் பொறுத்தா அதுவே தலையத் தூக்கும்."

"மத்தியானம் வரைக்கும் நிக்க நமக்கு வேற சோலி இல்லியா?" என்றார் வக்கீல். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் இதில் ஒத்துப்போனார்கள்.

வெடிச் சத்தம் கேட்டுக் குளத்துப் பறவையெல்லாம் எழும்பிப் போயின. அது மட்டும் எழும்பவில்லை. ஆள் விட்டு எடுத்துவரச் செய்து, புல்லில் கிடத்தினார்கள். தட்டை அலகு எல்லோருக்கும் தெரிந்தது. வக்கீல் குனிந்து பார்த்தார்.

"நான் அப்பவே நெனச்சேன், இது சாதாரணக் கொக்கு இல்லேன்னு," என்றார்.

"டீச்சர், ஒரு படம் வரைஞ்சிருங்கோ," என்றார் டாக்டர்.

"நிக்கும்போது பாக்கப் பொறுமை இல்லாதவியளுக்கு, கெடக்கும்போது எதுக்குப் படம்?" என்று கேட்டேன். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

பறவைக்குள் பஞ்சு அடைத்து, வாசகசாலையில் ஒரு கூட்டம் போட்டார்கள். பாடம் செய்தவன் எந்தப் பறவையைப் பார்த்துச் செய்தானோ, அது பொங்கலுக்கு வாங்கிய பூசணிக்காய் மாதிரி இருந்தது. அரிய பறவை ஒன்று நமது சங்கத்துக்குக் கிடைத்தது என்று வக்கீல் உருக்கமாகப் பேசினார். நான் பின் பெஞ்சியில் இருந்து எழுந்தேன்.

"கிடைக்கலை சார். சுட்டது."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. திங்கட்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு வரச் சொன்னார். ஞாயிறு தவறாமல் கோவிலில் மன்னிப்புக் கேட்கிறேன், அது போதும் என்றேன். "கிளாசுக்குப் போங்கோ," என்றார் அவர், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு.

சங்கம் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. உயிர் போன பறவைக்காக யாரும் வருத்தப்பட்டு உடைந்ததல்ல அது. பஞ்சடைத்த பறவையை யார் வீட்டு முன்னறையில் வைப்பது என்ற சண்டையில் உடைந்தது. வக்கீல் வென்றார். மழைக்காலத்தில் அது நாறத் தொடங்கி, அவர் மனைவி அதைத் தென்னை மூட்டடியில் புதைக்கச் சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கூட்டத்திலேயே புத்தி உள்ள மனுஷி அவள் ஒருத்திதான், அவளோ சங்கத்தில் இல்லை.

அடுத்த மாசியில் தையல் டீச்சரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தேரூருக்குப் போனேன். பைனாகுலர் இல்லை. கரண்டிவாயன் எதுவும் வரவில்லை. வாத்துகள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. தையல் டீச்சர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஒரு சத்தமும் இல்லாம இப்படி இருந்து எவ்வளவு நாளாச்சு," என்றாள். பசி எடுக்கும் வரைக்கும் இருந்துவிட்டு வந்தோம்.