ஒலிக்காத அழைப்பு மணி

மராத்திய நகர்ப்புறமான தாபோடியில் நெடுங்காலம் வாழ்ந்த அடுக்கக இல்லத்தை விற்றுவிட நான் துணிந்ததற்குக் காரணம், அண்டையார்மீது கொண்ட மனத்தாங்கலே. மனைவி மறைந்து காரியங்கள் முடிந்தபின் ஒருவரும் என் வாயிற்படியை மிதிக்கவில்லை. தொண்ணூறுகளின் இறுதி அது. சென்னையில் மகன் எனக்கென ஓர் அறையைக் கட்டத் தொடங்கிவிட்டான்.

விற்குமுன் வீட்டின் நிலையை ஆராய வந்த மராத்தியப் பொறியாளர் சுவர்களைத் தட்டினார். குழாய்களைத் திறந்து பார்த்தார். இறுதியில் வெளியே சென்று அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே ஓசையே இல்லை.

"காகா, பெல் பந்த் ஆஹே!" என்று நகைத்தார். மணி பழுதாகியிருந்தது.

அதைக் கேட்டு எதிர்வீட்டுத் தமிழ்ப் பெண்மணி கதவைத் திறந்தார்.

"பெல்லே அடிக்கலையா மாமா? தீபாவளிக்கு ஃபராள் பலகாரத் தட்டோட வந்து எத்தனை தடவை அழுத்தினேன்! நீங்க திறக்கவே இல்லை. மாமி போன துக்கத்துல யாரையும் பாக்கப் பிடிக்கலை போல, தொந்தரவு பண்ணாதேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார். பில்டிங்ல எல்லாருமே அப்படித்தான் நினைச்சோம்."

அந்தத் தீபாவளியன்று, யாரேனும் வருவரோ என்று அக்கதவின் உட்புறத்தில் நாள் முழுதும் அமர்ந்திருந்தவன் நான்.

பொறியாளர் கம்பியை முறுக்கிப் பொருத்தியதும் மணி ஒலித்தது. ஆயினும் சென்னையில் அறை எழும்பிவிட்டது, வீட்டை விற்றேன்.

வாராதவர்களை ஒவ்வொருவராக நினைந்து நொந்த நான், என் கதவுக்கு வெளியே நின்று ஒருமுறையேனும் அந்த மணியை அழுத்திப் பார்த்ததில்லை.