செம்பருத்திக்குக் கேட்ட அவகாசம்

என் நாத்தனார் குழிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்ன ரம்பத்தால் ஒரு வேரை அறுத்துக்கொண்டிருந்த காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மண்வெட்டியால் ஒரே போடு போட்டிருக்கலாம். வேர் பிய்ந்தால் அழுகிவிடும் என்று, கட்டைவிரல் பருமனுள்ள அதை வெட்டுவாய் வழுவழுவென்று இருக்கும்படி மெதுவாக அறுத்தாள்.

சேலையூரில் மாமனார் விட்டுப்போன வீட்டை என் கணவரும் அவருடைய தம்பியும் பேச்சு முறிந்து இரண்டாகப் பிரித்துக்கொண்ட சமயம் அது. நடுவில் சுவர் எழுப்புவதென்று முடிவாகியிருந்தது. சுவர் வரவேண்டிய கோட்டை ஒட்டி, தம்பியின் பாகத்தில் அடுக்குச் செம்பருத்தி நின்றது. நான் மருமகளாக வந்தபோதே ஆள் உயரத்துக்குப் பூத்திருந்த செடி. அதை நட்டவள் நாத்தனார். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. தம்பியோடு இருக்கட்டும் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

அஸ்திவாரம் தோண்ட வந்த மேஸ்திரி, "இன்னாம்மா, ஒரு செடிக்காகச் சுவத்த வளைக்க முடியுமா? புடுங்கிப் போட்டுட்டு வேற வச்சிக்க" என்றார்.

"ஒரே நாள்ல தோண்டினா செத்துடும். இந்தப் பக்கத்து வேரை மட்டும் நான் முன்னாடியே வெட்டி விட்டுடறேன். மழை முடிஞ்சு துளிர் விட்டதும் தோண்டுங்க" என்றாள். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சரி என்றார்கள். ஒருவருக்குத் தங்கை, மற்றவருக்கு அக்கா; அவள்மேல் இருவருக்குமே அவ்வளவு பிரியம்.

அறுத்த பக்கத்தை எருவும் மண்ணும் போட்டு மூடினாள். பிறகு கிளைகளையும் கழித்தாள், மொட்டுகளைக்கூட விடவில்லை. எனக்குப் பதறியது. "வேரைக் குறைச்சா மேலயும் குறைக்கணும் அண்ணி. பாதி வேர் முழுச் செடிக்கும் எப்படித் தண்ணி குடுக்கும்?" என்றாள். மிச்சமிருந்த இலைகளும் பழுத்து உதிர்ந்தன. தினமும் நகத்தால் பட்டையைச் சுரண்டி, உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்ப்பாள்.

"பொழைச்சிடுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"செடி பொழைச்சிடும். இவங்க ரெண்டு பேரும்தான்... நாலு மாசம் போனா கோவம் கொஞ்சம் ஆறிடும்ல, அண்ணி?"

அவள் யாருக்காக அவகாசம் கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தீபாவளியன்று இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போடப் பார்த்தாள். தம்பி வந்தார். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மழை ஓய்ந்தபின் ஒரு காலை, துணி உலர்த்தப் போன நான் அவள் செடியருகே நிற்பதைக் கண்டேன். விரல் நுனியால் எதையோ கிள்ளி உள்ளங்கையில் மூடிக்கொண்டிருந்தாள். புதுத் தளிர்கள். எதற்காக அத்தனை பாடுபட்டாளோ, அதையே கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னும் கொஞ்ச நாள் அண்ணி" என்றாள். நான் துணியை உதறிக் கொடியில் போட்டேன்.

தண்டின் அடியில் அவள் கண்ணுக்குத் தப்பிய துளிரை, வண்டியை வெளியே எடுத்தபோது இவர் பார்த்துவிட்டார். "அட, பொழைச்சிடுச்சே!" என்றார். உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னார். உடனே மேஸ்திரிக்குப் போன் செய்தார்.

சுவர் எழுந்தது. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாள் அந்தப் பக்கத்திலிருந்து "அண்ணி" என்ற குரல் வரும். நானும் பதில் கொடுப்பேன். கொழுந்தனார் சுவரை இன்னும் உயர்த்தியபின் அதுவும் நின்றது. பிறகு தன் பாகத்தை விற்றுவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு பெரும்பாக்கம் பக்கம் ஃபிளாட்டுக்குப் போனார். அவள் அங்கேதான் இறந்தாள். எல்லாம் முடிந்தபின், கடைத்தெருவில் பார்த்த ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

போன மாதம் பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கிய பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள். குழாய் போடத் தோண்டியபோது பார்த்தாளாம். "ஆன்ட்டி, அந்தச் செம்பருத்திக்கு ஒரு பக்கம் பெரிய வேரே இல்ல, ஆனா எவ்ளோ பூக்குது! யார் வெச்சது?"

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது.

"தெரியலம்மா. யாரோ வெச்சிருப்பாங்க."