முதுகு காட்டினா வசனம்

டப்பிங் பேசறவன் பொழப்பு சுலபம்தான்: ஸ்கிரீன்ல கீறவன் வாயத் தொறந்தா நாம பேசணும், மூடினா மூடிக்கணும், அந்தப் பழக்கத்துல வூட்லயும் எனக்குப் பெரிய பேஜாரு இல்ல. டப்பிங் சீரியல் பாத்து தலையில அடிச்சிக்கினவங்கள்ல நீங்களும் ஒருத்தர்னா மன்னிச்சிக்கங்க. அந்தக் குரல் நான்தான்.

முதுகு வசனம்

படூர் ஸ்டூடியோவுல ஒரு வெளிநாட்டு கப்பல் சீரியல். அலை, பீரங்கி, கயித்துல தொங்கிக்கினே கத்திச் சண்டை. சும்மா சொல்லக்கூடாது, ஆள அப்டியே அள்ளிக்கினு போவும். அதுல கிழட்டு கேப்டனுக்கு நான் பேசறேன். அவன் புள்ள சண்டையில செத்துடறான். பொணத்த மடியில போட்டுக்கினு நமக்கு முதுகு காட்டி உக்காந்துகினு கீறான் கேப்டன். அந்த நடிகன் ஒரு வார்த்த பேசல. தோள் மட்டும் ஒரு தபா ஏறி எறங்குது.

எங்க தொழில்ல முதுகு கெடச்சா காலி மனை கெடச்ச மாதிரி. வாய் தெரியலல்ல, இஷ்டத்துக்கு கட்டலாம். கட்டியிருந்தாங்க: "ஐயோ மகனே! என்னைத் தனியாக விட்டுவிட்டு இறந்துவிட்டாயே! என் இதயம் வெடிக்கிறதே!" இத வுட்டுட்டு மூச்சு மட்டும் குடுக்கறேன்னு சொல்லிப் பாத்தேன். சத்தம் இல்லன்னா டிவி ரிப்பேர்னு சேனல மாத்திடுவாங்கன்னாங்க ரேவதி மேடம்; டப்பிங் பாத்துக்கறவங்க. எனக்கும் கேளம்பாக்கத்துல பஸ்ஸு மாறணும். ஒரே டேக்குல இதயத்த வெடிச்சிட்டு வெளிய வந்தேன்.

"சூப்பர்ண்ணா, மணி நாலுகூட ஆவல!"ன்னான் ரெக்கார்டிங் பையன்.

ஆறுதல் டேக்

பஷீர் பாய் என் கூட்டாளி. புதுப்பட்டினம் மார்க்கெட்ல ஃபேன்சி ஸ்டோர் வெச்சிருந்தாரு. ரெண்டு பேரும் ஒரே பைக்ல செங்கல்பட்டு தியேட்டருக்குப் போவோம். சண்டைக்கு விசிலடிப்பாரு. மட்டமான வசனம் வந்தா என் தொடையில ஒரு தட்டு. ஒடனே நான் அதே குரல்ல திருப்பிச் சொல்லுவேன், சுத்தி நாலு வரிசை சிரிக்கும்.

சக்கர வியாதி அவரு ரெண்டு கண்ணையும் வாங்கிக்கிச்சு. இனிமே பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கி ஆஸ்பத்திரி வராண்டாவுல நான்தான் கூட இருந்தேன். நூறு பேரு குரல் தெரிஞ்சவன், சொந்தக் குரல்ல ஒண்ணு எடுத்து வுட்டேன்: "மனச தளர வுடாத பாய். சயின்ஸ் எங்கியோ போயிக்கினு கீது."

பாய் அழுவல. என் பக்கமா மூஞ்சியத் திருப்பினாரு.

"இந்த வசனத்த எவன்டா உனக்கு எழுதிக் குடுத்தான்?"

கேட்ட படம்

அப்புறம் கடைய தம்பிகிட்ட வுட்டுட்டு பாய் வூட்டோட இருந்துட்டாரு. டிவி ஒண்ணுதான் தொணை. அந்தக் கப்பல் சீரியல் வந்தப்போ, நம்ம குரலாச்சேன்னு பெருமையா பக்கத்துல போய் உக்காந்தேன்.

அன்னிக்கிதான் ஒறச்சிது. வசனம் மொக்கையா இருந்தா உங்களுக்கும் எனக்கும் பாக்கறதுக்கு அலை கீது, கப்பல் கீது. பாய்க்கு நாங்க பேசறது மட்டும்தான் படம். என் "இதயம் வெடிக்கிறதே" வந்துச்சு. தொடையத் தட்டுவாருன்னு காத்துக்கினு இருந்தேன். தட்டல. ரிமோட்ட தடவி எடுத்து ஆஃப் பண்ணாரு.

"மும்தாஜு, இந்த டிவிய நெம்மேலில உன் தங்கச்சி வூட்டுக்குக் குடுத்துடு"ன்னாரு. பாய் சம்சாரம் மும்தாஜ் அண்ணி என் மூஞ்சியப் பாத்தாங்க. "ஏன் பாய்?"ன்னேன்.

"எல்லாரும் எனக்கு சேதி சொல்லிக்கினே கீறீங்க கஜா. ஒருத்தன்கூட அழமாட்டேங்கறீங்க."

சவுண்ட நிறுத்திட்டு

ஞாயித்துக்கெழம டிவிய தூக்க ஆட்டோ வருதுன்னு அண்ணி போன்ல சொன்னாங்க. காலையில நாஸ்தாகூட துண்ணாம ஓடினேன். "ஒரே ஒரு தபா பாய்"னு கெஞ்சி, அதே எபிசோட நெட்டுல தேடி டிவியில போட்டு சவுண்ட சுத்தமா நிறுத்திட்டேன். கேப்டன், எதிரி, சமையக்காரன், கப்பல்ல வர்ற ஆடு, எல்லாம் நானே. எழுதிக் குடுத்தது ஒண்ணு கெடையாது. கேப்டன் நம்ம மார்க்கெட் பாஷையில, "டேய் சோமாரி, பாய்மரத்துத் துணிய அவுத்து லுங்கியா கட்டிக்கினியா?"ன்னான். தொடையில ஒரு தட்டு வுழுந்துச்சு. கண்ணு போனப்புறம் மொத தட்டு.

அப்புறம் அந்த முதுகு வந்துச்சு. எதனா பேசலாம்னு வாயத் தொறந்தேன். ஸ்கிரீன்ல தோள் ஏறி எறங்கிச்சு. எனக்கு ஒண்ணும் வரல. ஃபேன் சத்தம் மட்டும். பாய் கை என் தோளத் தேடி வந்துச்சு. தோள் குலுங்கறது அவருக்குத் தெரிஞ்சிது, அந்தக் கை என் சட்டைய இறுக்கிப் புடிச்சிக்கிச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல வந்திருக்க வேண்டிய அழுகை, ரெண்டு பேருக்கும் அப்போதான் வந்து சேந்துச்சு. வாசல்ல ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சிக்கினே இருந்தான். பாய் லுங்கி நுனியால மூஞ்சியத் தொடச்சிக்கினாரு.

"இந்த டேக்கு ஓகேடா. மும்தாஜு, ஆட்டோவ திரும்பிப் போவச் சொல்லு."

இருவது வருஷமா பேசிப் பொழைக்கறவன் பேசாம ஓகே வாங்கின ஒரே சீன் அதுதான். படூர்ல போய் சொல்லிடாதீங்க, இருக்கற வேலையும் போயிடும்.