காதர்பேட்டை மாடியில் இங்கிலாந்துச் சீமாட்டிகள்

தபாலில் பி.ஏ. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பது என்றால், ஆறு நாள் தைத்துக் களைத்தவர்களை ஏழாவது நாளும் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது. டுட்டோரியலில் சாக்பீஸ் பிடித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்து நாலு வாக்கில் திருப்பூர் காதர்பேட்டையில், ஒரு பனியன் கடையின் மாடியில் எனக்கு அந்த வேலை. வகுப்பில் பதினெட்டு பேர், அதில் பதிமூன்று பேர் பெண்கள். எல்லாருமே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். அந்த வருஷம் சிலபஸில் புதிதாக ஒரு பாடம் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெண்களுக்குப் படிப்பு வேண்டும், உரிமை வேண்டும் என்று முதன்முதலில் எழுதிய பெண்களைப் பற்றியது.

ஓனரின் சந்தேகம்

டுட்டோரியல் ஓனர் அதற்கு முன் சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் யூனிட் நடத்தியவர். நோட்ஸை ஜெராக்ஸுக்கு அனுப்பும் முன் தானும் ஒருமுறை படித்துப் பார்ப்பார். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தைத் தமிழில் சுருக்கி எழுதியிருந்தேன். கல்யாணமான பெண்ணுக்குத் தனியாகச் சொத்து கிடையாது, அவள் சம்பாதித்தாலும் கணவனுக்குத்தான் சொந்தம், பெற்ற பிள்ளை மேல்கூட அவளுக்குச் சட்டப்படி பாத்தியதை கிடையாது.

அவர் நிதானமாகப் படித்தார். தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இது லண்டனுங்களா சார்? நான் நம்மூருன்னே நெனச்சிட்டேனுங்க."

நீலக் காலுறை

சீட்டாட்டத்துக்குப் பதிலாகப் புத்தகங்களைப் பற்றிப் பேச, லண்டனில் சில பெண்கள் வீட்டில் கூட்டம் கூட்டினார்கள். அங்கே வந்த ஒரு ஆண், பட்டுக் காலுறை இல்லாமல் சாதாரண நீலக் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டு வந்தாராம். கடைசியில் படித்த பெண்களுக்கே 'நீலக் காலுறை' என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்கள்.

இதைச் சொன்னதும் வகுப்பு மொத்தமும் விழித்துக்கொண்டது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளராக இருந்த முருகேசன், "எத்தனை கவுண்ட் நூலுங்க சார்? அந்தக் காலத்துல நீலம் சாயம் போகாதுங்களா?" என்று ஆரம்பித்தான். அவனுக்கு இன்னொருத்தன் பதில் சொன்னான், அதை மூன்றாவது ஆள் மறுத்தான். இருபது நிமிஷம் சாயப்பட்டறை விவாதம் நடந்தது. நானும் அதில் சேர்ந்துகொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செக்கிங் செக்‌ஷனில் பீஸ் பார்க்கும் ஈஸ்வரிதான் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"சாக்ஸ் போட்டுட்டு வந்தது ஒரு ஆம்பளை. பட்டப்பேரு மட்டும் பொம்பளைங்களுக்குங்களா சார்?"

பெயர் போடாதவர்கள்

பெயரைப் போட்டால் ஊர் சிரிக்கும் என்று பல பெண்கள் தங்கள் பெயரில்லாமலே புத்தகம் வெளியிட்டார்கள். அட்டையில் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் இருக்கும். நான் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் சோகமாகவே சொன்னேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே டெய்லராக இருந்த ஜெசிந்தா முகத்தில் எந்தச் சோகமும் இல்லை.

"அவியளுக்காவது சீமாட்டின்னு போட்டாவ சார். நான் ஏழு வருசமா தைக்கேன், எந்தச் சட்டையிலயாவது 'ஒருத்தி தைச்சது'ன்னு இருக்கா?"

செய்முறை

பெண்களை அலங்காரத்துக்கும் ஏவலுக்கும் மட்டுமே பழக்கிவிட்டு, அவர்களுக்கு அறிவில்லை என்று சொல்வது நியாயமா என்ற வாதத்தை ஒருநாள் உருக்கமாக நடத்தினேன். கைதட்டல்கூட வந்தது. மறுநாள் அதே அறையில் டைப்ரைட்டிங் வகுப்பு. பஞ்சும் நூலும் பறந்து கிடந்தன. "பொண்ணுங்கல்லாம் சேர்ந்து ஒரு கை கூட்டி விட்டுட்டுப் போயிருங்கம்மா" என்றேன்.

யாரும் அசையவில்லை. முருகேசனும் மற்ற நாலு ஆண்களும் ஜன்னல் வழியே வெளியே எதையோ பார்த்தார்கள். ஜெசிந்தா மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தாள். "தியரி முடிஞ்சிட்டுல்லா சார், பிராக்டிகல் நீங்களே ஆரம்பிச்சு வைங்க."

பால் காய்ச்சுகிற நாள்

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு, வகுப்பு முடியும்வரை படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஈஸ்வரியின் கணவர், நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். "என்னங்க சார் சொல்லிக் குடுக்கறீங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அவர் தங்கை புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள். அன்றைக்கே ஈஸ்வரிக்குப் பரீட்சை. பரீட்சைக்குப் போகக்கூடாது என்று இவர் சொன்னால் அவள் நோட்ஸை எடுத்து வாசித்துக் காட்டுகிறாளாம்.

ஒரு பேப்பர் போனால் அவளுக்கு ஒரு வருஷம் போகும் என்று தெரியும். தெரிந்தும், "ஒரு பேப்பர்தானுங்களே, அடுத்த வருஷம்கூட..." என்று இழுத்தேன். பின்னால் ஈஸ்வரி நின்றிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் நான் அங்கே ஆள் கணக்கில் இல்லை. கணவரிடம் சொன்னாள்: "பால் காச்சறது வெடியால ஆறு மணிக்கு. பரிச்சை பத்து மணிக்கு. நான் ரெண்டுக்கும் போறனுங்க. வண்டியில கொண்டாந்து உடறீங்களா, நான் பஸ்ல போய்க்கட்டுங்களா, அதை மட்டும் சொல்லுங்க." அவர் படியிறங்கிப் போனார்.

பரீட்சை நாளன்று ஒன்பதரைக்கே, தேர்வு மையமாக இருந்த கல்லூரி வாசலில் போய் நின்றுவிட்டேன். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டி.வி.எஸ். ஃபிஃப்டி வந்தது. பின்னால் பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக ஈஸ்வரி, மடியில் நோட்ஸ். அதைக் கணவர் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். அவர் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, மூன்று மணிநேரமும் நோட்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தார். மணி அடிக்கும் நேரத்தில் என்னிடம் வந்தார்.

"இங்கிலீசுல இருக்கறதையும் தமிழ்ல எழுதிக் குடுங்க சார். ஊட்டுல அவளுக்கு மட்டும் பாயிண்ட் தெரிஞ்சா நான் எப்படீங்க பேசறது?"

மூன்று வருஷம் அந்தப் பாடத்தை நடத்தினேன். நடத்தத் தகுதியானவர்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, வாத்தியார் என்ற பெயர் மட்டும் எனக்கு இருந்தது.