டூல் எவ்வளவு அழுத்தும்?

லேத்தில் இரும்பைக் கடைவதற்கு முன்பே, வெட்டுகிற டூல் அதை எவ்வளவு பலமாக அழுத்தும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் பிழைப்பு. சொன்ன கணக்கு தப்பிப்போய் நாலு பேர் முன்னால் முழித்தவர்களுக்கு என் பாடு புரியும். அந்த வாரம் ஹட்டனிலுள்ள எங்கள் வொர்க்ஷாப்புக்கு ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் ரோலரின் ஷாஃப்ட் வந்தது. தேய்ந்த இடத்தைக் கடைந்து, அதன்மேல் புஷ் என்கிற வளையம் போட வேண்டும். அழுத்தம் கூடினால் ஷாஃப்ட் வளைந்துவிடும். மாற்று ஷாஃப்ட் கிடையாது. ரோலர் ஓடாவிட்டால் கொழுந்து எடுப்பவர்களுக்கு அரைநாள் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். என் அக்காவும் அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறாள்.

புது முனை

முதலில் பழைய இரும்புத் துண்டொன்றில் சோதித்தோம். டூலுக்கு அடியில் பொருத்திய, அழுத்தத்தை அளக்கும் மீட்டர், என் கணக்கைப்போல ஒன்றரை மடங்கு காட்டியது. மூன்று தடவை புரட்டிப் பார்த்தும் பிழை அகப்படவில்லை. கடைசியில் டூலின் முனையை லென்ஸில் பார்த்தேன், மழுங்கிக் கிடந்தது. நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருந்ததோ பளபளக்கும் புது முனை. இருக்கிற முனையை அளந்து போட்டதும் கணக்கு வழிக்கு வந்தது. லேத் ஓட்டும் சிவலிங்கம் அண்ணன் சிரிக்காமல் சொன்னார்: "கம்ப்யூட்டருக்கு மட்டும் தெனமும் புது டூல் குடுக்குறீங்க தம்பி. எனக்குப் போன மாசம் குடுத்ததுதான்."

குளிர்

மறுநாள் ஒரே வெட்டுக்கு மீட்டர் காலையில் ஒன்று சொன்னது, பகலில் வேறொன்று சொன்னது. கணக்கைத் திருத்தித் திருத்தி எனக்கே வெட்கமாகிவிட்டது. பார்த்தால், குளிரில் விறைத்த மீட்டர் சூடேறச் சூடேற மாறிக்கொண்டிருக்கிறது! அரை மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் பூச்சியத்தில் வைத்தோம். தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயா, ஷாஃப்டோடு வந்து காத்திருந்தவர், சொன்னார்: "கொழுந்தையே வாட வச்சுத்தான் ரோலர்ல போடுறோம். மீட்டருக்கு அரை மணி நேரம் குடுத்தா என்னாங்க?"

ஒரு சாணுக்கு அப்பால்

மூன்றாம் நாள் ஷாஃப்டை ஏற்றி, மெல்லிசாக ஒரு வெட்டு வைத்தோம். ஒரு சாண் தூரம் கணக்கும் மீட்டரும் ஒன்றாகப் போயின. பிறகு மீட்டர் சட்டென்று ஏறியது. "நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினேன். போன வாரமாக இருந்தால் கணக்கைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். இப்போது துளி சந்தேகமில்லை.

"ஐயா, இந்த எடத்துல வேற இரும்பு இருக்கு," என்றேன்.

டீமேக்கர் ஐயா தரையைப் பார்த்தார். ஷாஃப்டில் அந்த இடத்தை முன்பே வெல்டிங் வைத்து நிரப்பியிருந்தார்களாம். அந்தக் கெட்டி இரும்பின் அழுத்தத்தை மீட்டரிலிருந்தே எடுத்துக் கணக்கில் சேர்த்தேன். அந்த இடத்தில் மட்டும் வெட்டின் ஆழத்தைப் பாதியாக்கினோம். ஷாஃப்ட் மயிரிழையும் வளையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். "வெல்டிங் வச்ச ஷாஃப்டுன்னு சொன்னதும் ரெண்டு வொர்க்ஷாப்புல எறக்கவே விடலிங்க தம்பி. நீங்களும் திருப்பி அனுப்பிட்டா, நாளைக்குக் கொழுந்த எங்க கொட்டுறது?"

இப்போதெல்லாம் இரும்பை அளப்பதற்கு முன்னால், கொண்டுவந்தவரை உட்காரவைத்து பால் இல்லாத ஒரு பிளேன்டீ கொடுத்துவிடுகிறேன்; கணக்கில் பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.