லின்ட்னரின் கூடாரத்தில் மூன்று இரவுகள்

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்த வளவுக்குள், சொந்த வீட்டுக்கு முன்னால் ஒரு கூடாரம் அடித்து அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டார். ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே அகதிகளைத் தங்கவைத்திருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் நாங்கள் அப்போது இருந்தோம். ஹைம் என்று அதற்குப் பெயர். வேலை செய்ய அனுமதி இல்லாதவர்களுக்குச் சன்னல்தான் வேலை. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். மனைவி வெளியே தள்ளிவிட்டாள் என்றார் ஒருவர். விசர், மூளை கலங்கிவிட்டது என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அந்த மனைவி தண்ணீர்க் குழாயோடு வந்து கூடாரத்தின் மேல் பீய்ச்சி அடித்தபோது முதலாமவரின் கட்சி வென்றுவிட்டது. கூடாரம் ஒழுகுகிறதா என்று இருவரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது.

அவர்தான் ஹெர் லின்ட்னர். தபால்காரராக இருந்து வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு ஜெர்மன் படிப்பிப்பவரும் அவர்தான். கூடாரத்தைப் பற்றி நான் கேட்டபோது, கோடையில் ஒவ்வொரு வருடமும் ஊருக்குப் போகிறோம், அதற்காக என்றார். ஊருக்குப் போகிறவருக்குக் கூடாரம் எதற்கு, சொந்தக்காரர் வீட்டில் ஒரு பாய் கூடவா கிடைக்காது என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஜெர்மன்காரரைப் பற்றி நான் அறிந்திருந்ததெல்லாம் சேர்ந்து ஒரு பொதுவான வியப்புத்தான். கல்வீடும் வெந்நீர்க் குழாயும் உள்ள சனம் வருடத்தில் சில நாட்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, புல்லில் படுத்து, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்று, அதை விடுமுறை என்கிறது. அதே வாழ்க்கையிலிருந்து தப்பத்தான் நாங்கள் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினோம்.

நாங்கள் என்று சொல்வது பிழை. நான் முதலில் வந்தேன். கமலாவும் மகள் வதனியும் வந்து சேர மூன்று வருடங்கள் பிடித்தன. அந்த இடைவெளியில், ஊரில் ஷெல் விழத் தொடங்கிய ஒரு காலத்தில், அவர்கள் இருவரும் பள்ளிக்கூட வளவொன்றில் தறப்பாள் துணியைக் கூரையாகக் கட்டி நாற்பது நாட்கள் இருந்தார்கள். தறப்பாளுக்குக் கீழே இருந்த நாட்களைப் பற்றிக் கமலா எனக்கு அதிகம் சொன்னதில்லை. வந்த முதல் கிழமையில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "இனி உயிர் போனாலும் துணிக்குக் கீழை படுக்க மாட்டன்." நான் தலையாட்டினேன். அந்த நாட்களின் பழக்கம் ஒன்றும் அவளிடம் மிச்சம் இருந்தது. பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, ஹைம் கொடுத்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு நீலப் பையில் போட்டு, கடைக்குப் போனாலும் கொண்டுபோவாள். பாண் வாங்கும் இடத்தில் கலியாணப் பதிவை யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் பகிடி விடுவேன். அவள் சிரிக்கமாட்டாள்.

எண்பத்தெட்டாம் ஆண்டுக் கோடையில் ஹெர் லின்ட்னர் எங்களையும் ஊருக்குக் கூப்பிட்டார். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் வீடு ஒன்று, வோன்வாகன், அவர்களிடம் இருந்தது. அதற்குள் மெத்தை, அடுப்பு, சன்னல் சீலை, உள்ளிருந்து பூட்டும் கதவு எல்லாம் உண்டு. கமலாவிடம் நான் விவரித்தது இந்தப் பூட்டும் கதவைத்தான். ஆறு குடும்பங்களுக்கு ஒரு குசினி என்ற ஹைமில் இருந்தவளுக்கு அது போதும். மூன்று இரவு, மெத்தையில், கதவு பூட்டி, இது என் பொறுப்பு என்று சொன்னேன். அந்தச் சொல்லை நானே நம்பினேன்.

அகதி மனு போட்டவர்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். என் எழுத்தைப் பார்க்கச் சகிக்காமல் படிவத்தை ஹெர் லின்ட்னரே நிரப்பினார். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் அவர் தன் வழக்கப்படி "சொந்த ஊருக்குப் போதல்" என்று எழுதிவிட்டார். அலுவலர் அதை வாசித்து, என்னைப் பார்த்து, ஊருக்குப் போக முடியுமென்றால் இங்கே எதற்கு மனு என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. "அவருடைய ஊர் அல்ல, என்னுடையது," என்றார் ஹெர் லின்ட்னர், அலுவலர் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டதைப் போல. முத்திரை விழுந்தது.

நாள் முழுக்கக் கார் ஓடியது. பவேரியாவின் கிழக்கு விளிம்பில், காடு தொடங்கும் இடத்தில், ஒரு புல்வெளியில் நின்றோம். கமலா இறங்கியதும் வோன்வாகனைத்தான் பார்த்தாள். மஞ்சள் பூப்போட்ட சன்னல் சீலை. அவள் முகத்தில் ஊரில் பார்த்த ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்டேன். அப்போது ஹெர் லின்ட்னர் என் தோளைத் தட்டி, வோன்வாகன் உங்கள் மூவருக்கும், நாங்கள் இருவரும் கூடாரத்தில், என்றார். ஃப்ராவ் லின்ட்னர் பின்னால் நின்று, நேர்த்திக்கடனுக்குத் தீ மிதிக்கப் போகிறவரைப் போலத் தலையசைத்தார்.

இந்த இடத்தில் எங்கள் சனத்துக்கு ஒரு விளக்கமும் தேவையில்லை. ஒருவர் சாப்பிடச் சொன்னால், வேண்டாம், இப்பதான் சாப்பிட்டு வந்தனான் என்போம். அவர் மீண்டும் சொல்வார். மீண்டும் வேண்டாம் என்போம். மூன்றாம் முறை அவர் கையைப் பிடித்து இழுக்கும்போது, சரி, உங்களுக்காக என்று பசியோடு போய் உட்காருவோம். முதல் கேள்விக்கே ஓம் என்று சொல்பவன் காணாததைக் கண்டவன். அந்த மானத்தோடு நான் என் மிகச் சிறந்த ஜெர்மனில் சொன்னேன்: "இல்லை இல்லை, எங்களுக்குக் கூடாரம் மிகவும் பிடிக்கும்." சொல்லிவிட்டு இரண்டாம் முறைக்காகக் காத்திருந்தேன். ஹெர் லின்ட்னரின் முகம் சற்று வாடியது. ஃப்ராவ் லின்ட்னரின் முகம் பூத்தது. "குட்," என்றார் ஹெர் லின்ட்னர். அவ்வளவுதான். போய்க் கூடாரப் பையை எடுத்து வந்து என் கையில் தந்தார். முகம் வாடியதை, விருந்தாளியைத் தரையில் படுக்கவிடும் கவலை என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டேன்.

கமலா என்ன கதைச்சனீங்கள் என்று கேட்டாள். நான் பொய் சொன்னேன். அவர்களுக்கு வயது போய்விட்டது, மனிதருக்கு நாரி நோ, மெத்தை இல்லாமல் படுக்க முடியாது, கூடாரத்தைத்தான் எங்களுக்குத் தந்திருக்கிறார்கள் என்றேன். பத்து மாதம் ஜெர்மன் பள்ளிக்கூடம் போன ஏழு வயதுப் பிள்ளை பக்கத்தில் நிற்பதை மறந்துபோனேன்.

"இல்லை அம்மா," என்றாள் வதனி. "அவை வோன்வாகனைத்தான் தந்தவை. அப்பாதான் எங்களுக்குக் கூடாரம் பிடிக்குமெண்டவர்."

கமலா நீலப் பையை எடுத்துக்கொண்டு அப்பால் போனாள். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் வதனியும் கூடாரத்துக்குள் படுத்தோம். விடியும்போது கண் விழித்து வெளியே தலையை நீட்டினேன். பனியில் நனைந்த மடக்குக் கதிரையில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, நீலப் பை மடியில் இருக்க, கமலா உட்கார்ந்திருந்தாள். இரவு முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் தறப்பாளுக்குள்ளும் வரிசைகளிலும் என்னை நம்பி இருந்தவளை, ஒரு மரியாதைச் சொல்லுக்காக மீண்டும் வெளியே இருத்திவிட்டேன்.

அப்போது வோன்வாகன் கதவு திறந்தது. ஹெர் லின்ட்னர் நாரியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் சொன்ன பொய் அந்த ஒரு இரவில் உண்மையாகியிருந்தது. கமலா எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்குத் தெரிந்தது முப்பது சொல் ஜெர்மன். அவர் வகுப்பில் கடைச் சாமான் வாங்கப் படிப்பித்த வசனத்தையே எடுத்தாள்.

"இஷ் மொஷ்டெ வோன்வாகன், பிற்றெ," என்றாள். எனக்கு வோன்வாகன் வேண்டும், தயவுசெய்து.

நான் கூடாரத்துக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். நான் எதிர்பார்த்த மானக்கேடு வரவில்லை. கிழவர் சிரிக்கும் சத்தம்தான் வந்தது. எட்டிப் பார்த்தால், அவர் கமலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். மெத்தை தன்னைக் கொன்றுவிட்டது என்றார். ஒவ்வொரு வருடமும் தான் படுப்பது கூடாரத்தில்தான் என்றார். என்னைப் பார்த்து, "உனக்கு உண்மையாகவே பிடிக்கும் என்று நினைத்தேன். அதனால்தான் தந்தேன்," என்றார்.

தேநீர் குடித்தபின் எங்களைக் காட்டின் விளிம்புக்குக் கூட்டிப்போனார். கீழே ஓடை, அதற்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் ஒரு காவல் கோபுரமும் பச்சை மேடும். அந்த மேட்டுக்குப் பின்னால்தான் தன் ஊர் என்றார். அது செக்கோஸ்லோவாக்கியா. இரண்டாம் உலகச் சண்டை முடிந்தபின் ஜெர்மன்காரரை அங்கிருந்து வெளியேற்றியபோது அவருக்குப் பதினான்கு வயது. தாயோடு இந்தப் பக்கம் வந்து முதல் இரவு படுத்தது இந்தப் புல்லில். ஒவ்வொரு கோடையும் ஊருக்குப் போவதென்றால் இவ்வளவு தூரம்தான். கூடாரத்தில் தரையோடு படுத்தால் விடியற்காலையில் அந்தப் பக்கத்து நாய்கள் குரைப்பது கேட்கும், வோன்வாகனுக்குள் ஒன்றும் கேட்காது என்றார். இருபது வருடமாக அந்தத் துணியை எறியச் சொல்கிறேன் என்று ஃப்ராவ் லின்ட்னர் முறையிட்டார். கமலாவுக்கு வதனி ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னாள். கேட்டு முடித்ததும் கமலா அந்த மேட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது என்னோடு பேசினாள். "இஞ்சேருங்கோ, இனி ஆருக்கும் வேண்டாமெண்டு சொல்லுறதெண்டால் உங்கடை பங்குக்கு மட்டும் சொல்லுங்கோ. எனக்கும் பிள்ளைக்கும் வேணுமோ வேண்டாமோ எண்டு நான் சொல்லுவன்."

ஓம் என்றேன். முதல் கேள்விக்கே.

அன்று மாலை படுக்கை ஒழுங்கு மாறியது. பெண்கள் மூவரும் வோன்வாகனுக்கு. ஆண்கள் இருவரும் கூடாரத்துக்கு. மெத்தைக்கு ஆசைப்பட்டவன் மிச்ச இரண்டு இரவும் குறட்டை விடும் ஒரு கிழவருக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தேன். அதைப் பற்றி முறையிட எனக்கு வாய் இல்லை. அவர் வேலியின் பக்கம் தலை வைத்துப் படுத்தார். பிறகு, உன் ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் யோசித்து, கையை நீட்டினேன். கை கூடாரத்தின் ஒரு மூலையில் போய் முட்டியது. அந்த மூலைக்குத் தலை வைத்தால் நான் குறுக்கே படுக்க வேண்டும். அவர் ஒதுங்கி இடம் விட்டார். இந்த முறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்படிக் குறுக்கே படுத்தபோது என் கால்கள் வோன்வாகனின் பக்கம் நீட்டியிருந்தன. அங்கே கமலா கதவை உள்ளிருந்து பூட்டும் சத்தம் கேட்டது. திறந்தாள். மீண்டும் பூட்டினாள். நீலப் பையை அலுமாரிக்குள் வைத்துவிட்டாள் என்று மறுநாள் வதனிதான் சொன்னாள்.