ஒழுகும் வீட்டில் எத்தனை பேர்

போன வாரம் கூரை பார்க்க வந்த தம்பியை நான் கடித்துக் குதறிவிட்டேன். பாவம், சிலிபினிலிருந்து வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தவன். எங்கள் புந்தோங் வீட்டுக் கூரை நடுவில் தொய்ந்துபோய், அடுப்படியில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஏணி வைத்து ஏறினான். கட்டையெல்லாம் கரையான் என்றான். ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றான். அதுவரைக்கும் நான் நல்லவளாகத்தான் இருந்தேன். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"வீட்ல எத்தன பேரு இருக்கீங்கக்கா?"

"ஓட்டைய எண்ணத்தானே வந்த? ஆள ஏன் எண்ணுற?"

அவன் முகம் தொங்கிவிட்டது. "இல்லக்கா, கூரையப் பிரிச்சா ரெண்டு நாளு உள்ள படுக்க முடியாதுலா. அதான் கேட்டேன்."

என் வீட்டுக்காரர் அவசர அவசரமாகத் தம்பிக்குக் குடிக்க மைலோ கலக்கப் போனார். வயது ஐம்பத்தெட்டாகியும் எனக்கு வாய் அடங்கவில்லை என்று அவருக்கு வருத்தம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு ஆகாது. ஏன் என்று உங்களிடம் சொல்லலாம்.

அந்தத் தம்பி கீழே போட்டுவிட்டுப் போன கட்டைத் துண்டில் ஈரமும் துருவும் கலந்த ஒரு நாற்றம் அடித்தது. நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுக்கும் அதே நாற்றம்தான். தகரக் கூரை, துருப்பிடித்த ஆணிகள், ஆணி இருந்த இடமெல்லாம் ஓட்டை. அப்பா தார் பூசுவார், பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுவார். அடுத்த மழைக்கு எல்லாம் கழன்று வரும். தோட்டத்து ஆபீசில் சொன்னால் தகரம் மாற்றித் தருவார்கள். ஆனால் அம்மா சொல்ல விட்டதே இல்லை.

காரணம் என் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் சவரிமுத்து. தாயில்லாத என் அம்மாவை வளர்த்து ஆளாக்கியவர், தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளாதவர். பால் வெட்ட மரத்துக்குப் போன இடத்தில் சறுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டது. வேலை செய்ய முடியாதவர் பெயரைச் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பேரேட்டில், அடித்துவிடுவார்கள். செக்ரோலில் பெயர் இல்லாதவர், பெண்டாட்டி பிள்ளையாக இல்லாவிட்டால், லயத்தில் தங்கக்கூடாது. அது தோட்டத்துச் சட்டம். மாமா தெலுக் இந்தான் பக்கம் போய்விட்டதாக ஆபீசில் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். லயம் முழுக்கத் தெரியும், வேலை வாங்குகிற மண்டோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெரியாத ஒரே ஆள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி. கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் அந்த ஆள் வீட்டுக்குள் வருவார். அதனால் மூன்று வருசம் நனைந்தோம்.

அந்தக் கிராணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. கழுத்து முழுக்க பவுடர், சட்டைப் பையில் இரண்டு பேனா, எங்களிடம் பேசும்போது எங்கள் தலைக்கு மேலே எதையோ பார்க்கிற கண். நம்ம ஆள்தான், தமிழர்தான், எங்கள் மாதா கோயிலிலேயே முன்வரிசை. மாதம் ஒரு ஞாயிறு சாமியார் பூசைக்கு வரும்போது அந்த ஆள் பாடுகிற பாட்டு லயம் வரைக்கும் கேட்கும். அந்த ஞாயிறுகளில் மாமா வீட்டிலேயே பாயில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்.

ஒரு மழைக்காலத்தில் நாங்கள் பிள்ளைகள் படுக்கிற இடத்துக்கு நேர் மேலே உத்திரம் வளைந்து ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அப்பா பொறுக்க முடியாமல் அம்மாவிடம் சொல்லாமலே ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் கிராணி வருவதாகச் சேதி வந்தது. அம்மா மாமாவைக் கோயிலில் ஒளிந்துகொள்ள அனுப்பினார். அவருடைய பாய், தடி, வேட்டி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டது.

"இருக்கிற ஏனத்தையெல்லாம் வைடி. ஒழுகுறது நல்லாத் தெரியட்டும்," என்றார் என்னிடம்.

எனக்கு ஒன்பது வயது. சட்டி, குண்டான், குவளை, தட்டு என்று ஒரு சொட்டு விடாமல் வைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை யாராவது பாராட்டுவார்கள் என்று வாசலிலேயே நின்றேன்.

கிராணி குடையை மடக்கி உள்ளே வந்தார். அம்மா பால் டின் உடைத்து டீ கலந்து கொடுத்தார். அந்த ஆள் உத்திரத்தை ஒரு தடவை பார்த்தார், கீழே குனிந்தார், ஒரு தட்டை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினார். எவர்சில்வர் தட்டு. நம் வீடுகளில் எந்தச் சாமானிலும் பெயர் வெட்டி வைப்பார்கள், அவரவர் தட்டில்தான் அவரவர் சாப்பிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். விளிம்பில் புள்ளி புள்ளியாக மா. சவரிமுத்து என்று இருந்தது.

"சவரிமுத்து எப்ப வந்தான்?"

"அது பழைய தட்டுங்க ஐயா. எங்க அண்ணன் வுட்டுட்டுப் போனது."

"வீட்ல எத்தன பேரு?"

"அஞ்சு பேருங்க."

தட்டின் விளிம்பை அந்த ஆள் விரலால் தடவினார். காலையில் மாமா சாப்பிட்ட மிளகாய்ச் சம்பல் எண்ணெய் இன்னும் போகவில்லை. டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத்தான் போனார். மேனேஜர் துரை சீனர், அவர் வந்திருந்தால் அந்தப் புள்ளிகளைப் பூ வேலை என்று நினைத்திருப்பார். படிக்கத் தெரிந்தவன் நம்ம ஆள்தான்.

சாயங்காலம் மண்டோர் வந்து அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மாமா போக வேண்டும், இல்லையென்றால் அப்பா வேலையும் வீடும் போகும். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"மூணு வருசம் நனஞ்சோம்லா," என்றார் அம்மா. "இன்னும் நனஞ்சா செத்தா போயிருவோம்?"

சண்டைக்கு வேலை இல்லாமல் மாமா சனிக்கிழமையே கிளம்பிவிட்டார். தெலுக் இந்தானில் அவரோடு பால் வெட்டிய ஒருவர் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் இருந்தார். அம்மா அந்தத் தட்டை மூட்டைக்குள் திணித்தார், மாமா எடுத்து வெளியே வைத்தார்.

"வச்சிக்க தங்கச்சி. பாப்பா நல்லா எடம் பாத்து வைக்கிறா."

என்னை வேடிக்கையாகத்தான் சொன்னார். மாமாவுக்குக் கோபம் வராது.

இருபது நாளில் புதுக் கூரை வந்தது. உத்திரம் மாற்றினார்கள், பளபளவென்று புதுத் தகரம் அடித்தார்கள். சொன்னால் சொன்னபடி செய்கிற மனுசன் என்று லயத்தில் சிலபேர் கிராணியைப் புகழ்ந்தார்கள். அவர்களையும் நான் மன்னிக்கவில்லை. புதுத் தகரத்தில் மழை விழுந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. எங்கள் வீட்டில் அப்போது யாரும் பேசிக்கொள்ளவில்லை என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. மாமா இரண்டாவது வருசம் இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சேதி வந்தது.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். லயத்துக்காரர்கள் எல்லாரையும் காலி செய்யச் சொன்ன அதே மாதத்தில் கிராணியையும் பங்களாவை விட்டுப் போகச் சொன்னார்கள். அதுவும் தோட்டத்து வீடுதானே. மேசை நாற்காலியை ரோட்டோரம் இறக்கி வைத்துக்கொண்டு லாரிக்காக நின்றார். நான் சைக்கிளில் மெதுவாகப் போய்ப் பார்த்தேன், திரும்பி வந்து இன்னொரு தடவையும் பார்த்தேன். இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

இப்போது அங்கே பால் மரம் இல்லை, லயம் இல்லை, மாமா ஒளிந்திருந்த கோயிலும் இல்லை. வரிசையாகக் கல் வீடுகள். கிராணி எங்கேயோ போய்ச் செத்தாராம். அப்பா போனார், போன வருசம் அம்மாவும் போய்விட்டார்.

அந்த மழைக்குப் பிறகு நாற்பத்தெட்டு வருசம் அம்மா உயிரோடு இருந்தார். அந்தத் தட்டை எதற்காக வைத்தாய் என்று ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. நீங்கள்தானே எல்லாவற்றையும் வைக்கச் சொன்னீர்கள் என்று நானும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் வாய் திறப்பது என்று காத்துக்கொண்டே இருந்துவிட்டோம்.